வெள்ளிக்கிழமைத் தடம்

இது நடந்தது. பொய் சொல்லிப் பேர் எடுத்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் தம்பி இக்ராமின் மகள் ஸல்ஹா சொன்னதை, அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அதற்கு ஜின் என்றோ பேய் என்றோ நான் பெயர் வைக்கப் போவதில்லை.

ஸல்ஹா கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து திருகோணமலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். துறைமுகத்தைப் பார்த்த பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடி. கீழே பூட்டிக் கிடக்கும் கடை. அங்கே ஸப்வான் என்பவர் தரவுத்தள சேவையக மென்பொருள் செய்து, மீன் ஏற்றும் கம்பனிகளுக்கும் லொறிக்காரர்களுக்கும் விற்றார். அவருடைய இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருளின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் தமிழில் ஒரு கட்டளையைப் பெயராக வைப்பார்கள். 'கதவைத்திற'. 'ஆளைப்பார்'. 'உள்ளேவிடு'. பெயரைப் பார்த்தால் வேலை விளங்கும்.

'கணக்கைஎழுது' என்ற பகுதியை ஸல்ஹா திருத்தி எழுதினாள். அதன் பிறகு வெள்ளி மதியம் வந்தால் சேவையகம், அந்த மென்பொருள் ஓடும் கணினி, உறைந்து நின்றது. பழி அவள் தலையில் விழுந்தது. அவள் கையில் பிழை வராது என்று ஸப்வானிடம் வாக்குக் கொடுத்திருந்தவன் நான்.

அந்த வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது ஸப்வான் வாசலில் நின்று சொன்னாராம்:

"நான் தொழுதுட்டு வாறதுக்குள்ள காரணத்தக் காட்டுங்க தங்கச்சி. இல்லாட்டி எங்கட சேர்வர வாங்கின கொழும்புக் கம்பனிக்கு உங்கட பேரைத்தான் சொல்லணும். பெரிய வீட்டுப் புள்ள எண்டு தந்தாங்க. பிழையும் பெரிசாத்தான் வந்திருக்கு."



ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கூட வேலை செய்யும் திலக்சன் லீவில். கதவைச் சாத்திவிட்டுத் தன் கதிரையில் அமர்ந்தாள். சேவையகம் உறைந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை அதன் தடத்தைப் பதிவு செய்யும்படி முந்திய நாளே அமைத்திருந்தாள். ஸ்டாக் ட்ரேஸ் என்பார்கள். எந்தப் பகுதி எதைக் கூப்பிட்டது என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக் காட்டும். முதலில் கூப்பிட்டது அடியில். இந்த நொடி நடப்பது உச்சியில். எழுதும்போதே ஒரு பிரதி ஸப்வானின் மடிக்கணினிக்கும் போய்ச்சேரும்.

12.31. சேவையகம் நின்றது. முதல் தடம் திரையில் வந்தது.

அடியில் 'கதவைத்திற'. அதன்மேல் 'ஆளைப்பார்'. அதன்மேல் 'உள்ளேவிடு'. அதற்கும் மேலே அவளுடைய 'கணக்கைஎழுது' இருக்க வேண்டும். இருக்கவில்லை.

'படியேறு'.

மென்பொருள் முழுவதையும் தேடினாள். அப்படி ஒரு பகுதியே கிடையாது. திலக்சனுக்குப் போன் எடுத்தாள்.

"படியேறு எண்டு ஏதும் எழுதினீங்களா?"

"இல்லையே. எங்கட சேர்வருக்கு எங்கால படி? பசியில வாசிக்கிறீங்க போல. சாப்பிட்டுட்டுப் பாருங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். போனை வைத்தாள். அப்போது கீழே... மரப்படியில்...

டக்.

டக். டக்.

அவசரமில்லாத கால்.

திரையில் அடுத்த தடம். உச்சியில் புதிதாக ஒரு வரி.

'வாசலில்நில்'.

படியில் சத்தம் நின்றது. கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கீற்று நடுவில் கறுத்தது.

"ஆர்?"

கறுப்பு அசையவில்லை.

ஓட வேறு கதவும் இல்லை. இருந்தாலும் ஓடியிருக்கமாட்டாள். ஸப்வான் திரும்பி வரும்போது அவள் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை பயந்து போய்விட்டாள் என்ற கதை ஊருக்குள் வரக்கூடாது.

அடுத்த வரி.

'செருப்பைக்கழற்று'.

வெளியே மெதுவாக... ஒன்று. பிறகு இன்னொன்று. பாரமில்லாத சத்தம்.

காலடிக்காகக் காது கொடுத்தாள். கேட்கவில்லை. இனிக் கேட்காது என்பது அப்போதுதான் விளங்கியது.

வெறுங்கால்.

கதவு திறக்கவில்லை. ஆனால் கீற்று மறுபடி வெள்ளையாயிற்று.

'கதிரையைஇழு'.

பின்னால், திலக்சனின் கதிரை... க்ரீச்.

திரும்பவில்லை. காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓத வாயெடுத்தாள். முதல் சொல்லுக்கு முன்பே அடுத்த வரி.

'குனிந்துபார்'.

காதோரம் குளிர்ந்தது.

உப்பு மணம்.

கையை நீட்டினாள். சேவையகத்தின் மின்வயரைப் பிடித்தாள். பிடுங்கினாள். 12.36.

எப்படி இறங்கினாள், எந்த ஓட்டோவில் ஏறினாள் என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை. வெறுங்காலோடு வந்து எங்கள் வாசல் கேற்றடியில் இறங்கியதை நான் பார்த்தேன்.

ஞாயிறு காலை ஸப்வான் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மன்னிச்சு மாப்புத் தரணும் ஹாஜியார். பிழை தங்கச்சிட கையில இல்ல."

தடங்களைத் தாளில் எடுத்து வந்திருந்தார். ஒன்றிலும் 'கணக்கைஎழுது' இல்லை. அவள் எழுதிய பகுதியை எதுவும் தொடவே இல்லை. கொழும்புக் கம்பனிக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஸல்ஹாவைக் கூப்பிட்டு, அவள் முன்னாலும் அதைச் சொல்லவைத்தேன்.

அவர் போகவில்லை. இன்னொரு தாளை நீட்டினார்.

"இது 1.25க்கு எனக்கு வந்த பிரதி. நாங்க பள்ளியால வந்து பாக்கக்குள்ள வயர் நிலத்திலதான் கிடந்தது. இன்னும் சொருகல்ல."

1.25. ஸல்ஹாவின் ஓட்டோ எங்கள் வாசலில் நின்ற நேரம்.

பழைய வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் நான்கு புதியவை.

'படியிறங்கு'.

'பாலத்தைக்கட'.

'கேற்றைத்தள்ளு'.

'காத்திரு'.

கூப்பிடப்பட்ட பகுதி வேலை முடிந்தால் வந்த வழியே திரும்பும், தடத்தில் வரிகள் ஒவ்வொன்றாகக் குறையும் என்று ஸல்ஹா சொல்கிறாள். எங்கள் பெயரைக் காத்த ஒரே சாட்சி அந்தத் தடம்தான். அதை நான் நம்பினேன். நம்பினால் கடைசி வரியையும் நம்பத்தான் வேண்டும்.

வரி குறைந்த பிரதி எதுவும் ஸப்வானுக்கு இன்றுவரை வரவில்லை.