அமெரிக்கக்காரரும் என் அடித்தொண்டையும்

திண்டுக்கல்லில் யாராவது இறந்துபோனால் ஆட்டோவில் குழாய் கட்டி அறிவித்துக்கொண்டு போகிறார்களே, அந்தக் குரல் என்னுடையது. இருபது வருடமாகச் சொல்கிறேன். முதலில் பெயர், ஒரு நிறுத்தம், பிறகு ஊர், அதற்குப் பிறகுதான் மற்றது.

மைக் செட் கடைக்காரர்தான் போனில் ஓர் அமெரிக்கப் பாடகரைக் காட்டினார். "அண்ணே, ஒங்க தொண்டை அமெரிக்காவுலயும் இருக்கு பாருங்க" என்றார். ஓபரா என்று, பாடியே நடிக்கும் நாடகம். அதில் அவர் பாரிடோன், கனத்த ஆண்குரல். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. சேதி சொல்லும் சேவகனாகத் தொடங்கி வில்லன், சாபமிடும் அப்பன், கிழட்டு ராஜா என்று அவருடைய முப்பது வருடப் பிழைப்பையும் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தே பார்த்து முடித்தேன். காதலிப்பவன் எப்போதும் மெல்லிய குரல்காரன்தான். இவருக்கு ஒரு தடவைகூட மாப்பிள்ளை வேஷம் தரவில்லை. எரிச்சலாக வந்தது.

வரும் வியாழக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் நானே மைக்கில் எல்லாரையும் வரவேற்க வேண்டும் என்று ஆசை. அந்த வேகத்தில் போன வாரம் அழைப்பையும் என் குரலிலேயே பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பழக்க தோஷம். மகள் பெயர், ஒரு நிறுத்தம், நாகல் நகர்.

சிறுமலையில் இருக்கும் அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் மாலையும் கையுமாக வந்து இறங்கினாள். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏலே, பேரச் சொல்லி நிறுத்துனியே, ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுடா" என்று என் முதுகில் ஓர் அறை வைத்தாள். மாலையைத் தெருக்கோடியில் கொண்டுபோய் எறிந்தாள்.

மகள் சிரிக்கவில்லை. "மண்டபத்துல நீ மைக்கப் புடிக்க வேணாம்ப்பா" என்றாள். வலித்தது.

அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அமெரிக்கர் வயதான பிறகு ஒரே ஒரு கோமாளி வேஷம் போட்டிருக்கிறார். அதே அடித்தொண்டைதான், ஆனால் சபையே சிரிக்கிறது. அவரால் முடிந்திருக்கிறது. நேற்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து, "வாங்க, எம் பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பதிவு செய்தேன். எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குள் வேடசந்தூரிலிருந்து ஒரு மரணச் செய்தி வந்தது. காகிதத்தை வாங்கி மைக் முன்னால் படித்தேன். அது ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.