டயர் விற்காத டயர் கடைக்காரர்

கூடங்குளத்தில் வேலை போய், பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். முன்சக்கரம் அப்படி ஆடியது. மறுநாள் காலை ஆழ்வார்திருநகரியில் வண்டியோடு நிற்காவிட்டால் பால் ஊற்றும் வேலையும் கிடைக்காது.

சாலையோர டயர் கடைக்காரர் ஒல்லியானவர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். யார் வண்டியானாலும் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பாராம். என் வண்டியிலும் ஒரு சுற்று போய் அவர் திரும்புவதற்குள் ஒரு புது டயரை எடுத்து வைத்திருந்தேன்.

“அதை இருந்த இடத்துல வையும். குடும்பத்தையே ஹேண்டில்பார்ல தொங்கப் போட்டா, ஆடாம என்னவே செய்யும்?”

துணி, அடுப்பு, பாத்திரமெல்லாம் இரண்டு பைகளில் அங்கேதான் தொங்கின.

“இறக்கி வைக்க வீடு இல்ல, அண்ணாச்சி.”

அவர் பைகளைப் பழைய டியூபால் பின்சீட்டில் இறுக்கிக் கட்டினார். ஆட்டம் நின்றது. டயரை விற்றிருந்தால் வாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். பைகளை அங்கே ஒரு மூலையில் இறக்கி வைத்துவிட்டு, அதே டியூபால் பால் கேன்களைக் கட்டினேன்.