நெல்லுக்குள் படுத்திருந்தவள்

எங்கள் தெருவின் அம்மனுக்குக் கோயில் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கல முகம்தான் அவள். வருஷத்தில் மூன்று நாள், வைகாசியில், பெரியப்பா அவளைக் குடத்தில் கட்டித் தலையில் சுமந்து வருவார். அப்போதும் முகம் முழுக்க மஞ்சள் அப்பியிருக்கும். கண் எது, வாய் எது என்று தெரியாது. மற்ற நாட்களில் சிவப்புத் துணியில் சுற்றியபடி, பெரியப்பா வீட்டில் நெல் கொட்டி வைக்கும் மண் குதிருக்குள் படுத்திருப்பாள். நெல் தீர்ந்த மாதங்களில் பதரோடு கிடப்பாள். “தூங்குறா, சத்தம் போடாதே” என்று அந்தப் பக்கம் எங்களை விளையாட விடமாட்டார்கள்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது அறுப்புக் கூலித் தகராறு வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அப்போது தகராறு இல்லாத ஊரே இல்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறார் என்று தெரிந்ததும், எங்கள் ஆட்களே முந்திக்கொண்டு அவர் வயலில் இறங்கி அறுத்துவிட்டார்கள். மறுநாள் போலீஸ் வந்தது. திருட்டு நெல்லைத் தேடுகிறோம் என்று வீடு வீடாகக் குதிர்களைக் கவிழ்த்தார்கள். பெரியப்பா வீட்டில் நெல்லோடு நெல்லாக அவளும் உருண்டு வந்து விழுந்தாள்.

இன்ஸ்பெக்டர் துணியை உருவிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு பழைய சாமான் ஒங்களுக்கு ஏதுடா?”

“எங்க அம்மாங்க” என்றார் பெரியப்பா. அவளையும் நெல்லோடு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அது தன் கோயில் சொத்து என்று பண்ணையார் சொன்னார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் ஆட்சி மாறி, குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்றாகி, “நம்ம ஆட்சி” என்று தெருவே பேசிக்கொண்டது. அந்த ஆட்சியில்தான் தீர்ப்பும் வந்தது. இரண்டு தரப்புக்கும் அவள் இல்லை. அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்றார்கள். பண்ணையாருக்குப் போகவில்லையே என்று தெருவில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. பெரியப்பா மட்டும் கோர்ட்டுக்கு நடந்து நடந்து தேய்ந்துபோயிருந்தார். ஜெயித்தோமா தோற்றோமா என்று வந்து கேட்டவர்களிடம், “உக்காருங்க, தண்ணி குடிங்க” என்பார்.

அடுத்த வைகாசியில் பெரியப்பா, அம்மா, நான் மூவரும் டவுனுக்கு பஸ் ஏறினோம். அம்மாவின் பையில் மஞ்சளும் வேப்பிலையும் புதுச் சிவப்புத் துணியும் இருந்தன. பெரியப்பாவுக்கு அருள் வரும், அவர் ஆடுகிற ஆட்டத்தில் கட்டடமே அதிரும் என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அவளை ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் தேய்த்து, இரும்புக் கம்பியில் செருகி, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குக்கு அடியில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா கும்பிடவில்லை. தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“கண்ணாடியத் தொடாதீங்கம்மா” என்றார் காவலாளி.

“தொடலீங்க. ராத்திரிக்காவது மூடி வைப்பீங்களா?”

“வெளக்க அணைச்சிட்டுப் போயிடுவோம்.”

“துணி போட்டு மூட மாட்டீங்களா?”

“துணியப் போட்டா யாரும்மா பாக்குறது?”

பேச்சுச் சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். பெரியப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பெரியப்பா உட்காரவில்லை, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இது தமிழர் கலைச் செல்வம், பெரியவரே. குதிருக்குள்ள கெடந்தா யாருக்குத் தெரியும்? இப்ப எங்கெங்கேருந்தோ வந்து பாக்குறாங்க. ஒங்களுக்கும் பெருமைதானே?”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் இப்படியொரு மாடிக் கட்டடம் வாய்த்ததில்லை.

“பாக்கட்டுங்க” என்றார் பெரியப்பா. “வருசத்துல மூணு நாள் நல்லாப் பாக்கட்டும். மத்த நாள்ல இந்தத் துணியப் போத்தி வச்சாப் போதும். வேற ஒண்ணும் கேக்கலீங்க.”

அதிகாரி அவளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுக்கு இங்க எடமில்லையே, பெரியவரே” என்றார். அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்திருந்தது.

“சரிங்க” என்றார் பெரியப்பா. அருள் வரவில்லை. துணியை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். “வாம்மா, போவலாம். நாமளும் நின்னு பாத்துக்கிட்டு இருக்க வேணாம்.”

இருவரும் தலையைக் குனிந்தபடி வெளியே நடந்தார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே போய் நன்றாகப் பார்த்துவிட்டு, பின்னாலேயே ஓடினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. “அம்மா, அவளுக்கு மூக்குத்தி ஓட்டை இருக்கு. கன்னத்துல ஒரு கீறல் இருக்கு. சிரிச்ச முகம்மா அவளுக்கு!”

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். முன் சீட்டிலிருந்த பெரியப்பா துண்டை விரித்துத் தன் முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். ஊர் வரும்வரை அதை அவர் எடுக்கவில்லை. சிரித்த முகம் என்று நல்ல சேதியைத்தானே சொன்னோம், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை.