ஆல்டர்மெர் என்று கூப்பிட்டால்

எங்கள் தெருவில் ஹாமோ என்று மூன்று பேர் இருந்தார்கள். ஆகையால் தொட்டித் தண்ணீரில் கம்பளித் துணியைப் போட்டுக் காலால் மிதிக்கிற ஹாமோவை ஆல்டர்மெர் என்று அவன் ஊர்ப் பெயரிலேயே கூப்பிட்டோம். அங்கே ஆல்டர் மரங்கள் சூழ்ந்த குளம் ஒன்று உண்டாம்; ஊருக்கு அதுவே பெயராயிற்று. வந்த புதிதில் காய்ச்சலில் அவன் உளறிய அந்த ஊர்ப் பெயரைத் தெருவில் சொன்னவள் நான்தான். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

காய்ச்சல் விட்டதும் என்னிடம் வந்தான்.

"அவிஸ் அக்கா, அந்தப் பேரு வேணாம். நான் அந்த ஊர் பிரபுவோட பண்ணையாளு. ஓடி வந்துட்டேன். ஒரு வருஷமும் ஒரு நாளும் இந்த நகர மதிலுக்குள்ள ஒளியாம இருந்தா எனக்கு விடுதலை. அதுக்குள்ள அவங்க காதுல விழுந்தா இழுத்துட்டுப் போயிருவாங்க."

நான் நிறுத்திக்கொண்டேன். தெரு நிறுத்துமா?

"ஏ ஆல்டர்மெர், உங்க ஊருத் தவளையெல்லாம் சௌக்கியமா?" என்று கூட மிதிக்கிறவர்கள் தொட்டிக்குள் நின்றபடியே கத்துவார்கள். அவன் முகம் வெளுத்துப்போகும். தெருவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் மிதிக்கிற கால் அப்படியே நின்றுவிடும். நான் தினமும் மெழுகுதிரி ஏற்றி ஜெபித்தேன்.

கெடு முடிந்து பத்தாம் நாள் பிரபுவின் காரியக்காரன் வந்தான். வழக்கு நகரத் தலைவர் முன்னால் போயிற்று.

"இவன் இத்தனை நாளும் ஒளிஞ்சு கெடந்தான். ஒளிஞ்ச வருஷம் கணக்குல வராது" என்றான் காரியக்காரன்.

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தேன். பொய் சொன்னால் என் ஆத்துமா போகும். உண்மை சொன்னால் அவன் போவான்.

"ஊர்ப் பேரை மறைக்கச் சொன்னானா?" என்று தலைவர் கேட்டார்.

"சொன்னான் ஐயா. தெருவுல யாரும் கேக்கல. தெனமும் அந்தப் பேரச் சொல்லித்தான் கத்துவாங்க."

யாரோ சிரித்தார்கள். ஹாமோ கண்ணை மூடிக்கொண்டான்.

"கூப்பிட்டா என்ன செய்வான்?"

"வெளுத்துப் போவான் ஐயா. ஆனாலும் திரும்பிப் பார்ப்பான். ஒரு நாளும் கதவைச் சாத்திக்கிட்டது இல்ல."

"தெனமும் தெருவே ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட, திரும்பிப் பார்த்தவன் ஒளிஞ்சவன் இல்ல" என்றார் தலைவர். பிறகு எழுத்தரைப் பார்த்து, "ஹாமோ ஆல்டர்மெர், இந்த நகரத்தான். எழுதிக்கோ" என்றார்.

இப்போது அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் அந்தக் குளத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அவர்களும் ஆல்டர்மெர்தான். இன்றைக்கும் பின்னாலிருந்து அந்தப் பெயரைக் கேட்டால் ஹாமோவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நான் முன்னால் போய் நின்றுதான் கூப்பிடுகிறேன்.