அத்தான் வளர்த்த கடலனிமனி

அக்காவின் புருஷனை நான் இன்றைக்கும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை இருந்த காலம் மிகக் கொஞ்சம்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் அவர்களுடைய ஃபிளாட். வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த நான் அங்கே சின்ன அறையில் தங்கியிருந்தேன். அக்கா பின்னேரங்களில் ஹோலில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தாள். அத்தான் ஒரு கம்பனியில் மனேஜர். ஆனாலும் தன்னிடம் இருப்பதைப் பிறருக்குக் காட்டுவதுதான் அவருடைய முழுநேர வேலை.

கனடாவிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் தன் வீட்டு உப்புத்தண்ணீர் மீன்தொட்டியைப் போனில் காட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் எங்கள் ஹோலிலும் சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி வந்துவிட்டது. பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளும் வெள்ளைப் பலகையும் பல்கனிக்குப் போயின. தொட்டிக்குள் பாறைகள், கோமாளி மீன்கள், நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடலனிமனி, கடற்சாமந்தி என்றும் சொல்வார்கள்.

அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் விலங்கியலில் படித்திருக்கிறேன். பூ மாதிரி இருக்கும்; ஆனால் விலங்கு. மூளை கிடையாது. உடம்பில் ஒரே ஒரு துவாரம். தின்பதும் அதால், கழிப்பதும் அதால். இதற்குத்தான் அத்தான் காலையில் பல் தீட்டுமுன் வணக்கம் சொன்னார்.

"பாருங்கோ பிள்ளை, என்னைக் கண்டவுடனை விரியுது."

"நீங்கள் லைட்டைப் போட்டனீங்கள் அத்தான். அதாலை விரியுது."

"உமக்கு உயிர்களிலை அன்பு இல்லை" என்றார்.

கொட்டாஞ்சேனைப் பக்கக் கடைக்காரர் ஒருவர் அதை அபூர்வ வெள்ளை இனம் என்று சொல்லி அவர் தலையில் கட்டியிருந்தார். வெள்ளை அதன் இனத்து நிறமல்ல. நிறம் செத்துப்போன நோயாளி அது. போனில் கொஞ்சம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அத்தான் அந்த நோயைத்தான் பெருமையாகக் காட்டினார். அவர்களும் கையில் கடித்த பெற்றீஸோடு குனிந்து பார்த்து, "ஆ, என்ன வடிவு!" என்றார்கள். கோமாளி மீன்கள் மட்டும் அதன் பக்கமே போகவில்லை. பம்ப்புக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தன. அத்தான் ஆசையாக வாங்கித் தொட்டியில் விட்ட நீல மீன் ஒன்றை அது ஒரு மத்தியானம் பிடித்து விழுங்கி, பிறகு எலும்பைக் கக்கியது. "பசிச்சிருக்கும், பாவம்" என்றார் அத்தான். பாவம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தண்ணீர் சூடானால் அதற்கு ஆகாதாம். அக்காவின் அறையில் இருந்த ஏசியைக் கழற்றி ஹோலில் பூட்டினார். அக்கா யன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தாள். அவள் அப்படிப் பொறுத்துப் போனதும் எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. கிருலப்பனையில் காஸ் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்காவும் மூன்றாம் மாடி முஸ்லிம் வீட்டு ராத்தாவும் விடியவே வெற்றுச் சிலிண்டர்களோடு போனார்கள். அத்தானுக்கு நாரிப்பிடிப்பாம், பாரம் தூக்கக்கூடாதாம். நான் லீவு போட்டு மத்தியானம் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கியூ தெரு முனை திரும்பிப் போயிருந்தது. எங்கள் முறை நெருங்கும் நேரம் கடைக்காரர் வெளியே வந்து, சிங்களத்தில் "கேஸ் இவரயி" என்று கையை விரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

முடிந்துவிட்டதை முடிந்தது என்றுதானே சொல்ல முடியும். சிலிண்டர்களை மாறி மாறி உருட்டிக்கொண்டு வீடு வந்தோம். கரண்ட் இல்லாததால் லிஃப்டும் இல்லை. ராத்தாவின் வீட்டில் தண்ணீர்ப் போத்தல் காலி என்பதால், "மேலே வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அக்கா அவரையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

உள்ளே அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அகப்பையால் தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நின்றார். தண்ணீரில் ஐஸ் கட்டிய பைகள் மிதந்தன. இன்னும் ஒரு சாக்கு நிறைய ஐஸ் நிலத்தில் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவைச் சாத்துங்கோ, சூடு வருது" என்றார்.

"காஸ் கிடைக்கேல்லை" என்றாள் அக்கா.

"ம்ம். இது வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஐஸ் எங்காலை?"

"மீன் சந்தையிலை. ரெண்டு தரம் நடந்து போய்த் தூக்கி வந்தனான்."

நாரிப்பிடிப்புக்காரர் ஐஸ் சாக்கோடு நாலு மாடி ஏறியிருக்கிறார்! நான் வாயைத் திறக்குமுன் அக்கா குளியலறைக்குப் போய்ப் பெரிய பேசினை எடுத்து வந்தாள். சாக்கில் இருந்த ஐஸைக் கொட்டினாள். மிதந்த பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பிய்த்து, அதையும் கொட்டினாள். கொஞ்சம் தண்ணீர் விட்டாள். கதிரையில் இருந்து, வீங்கிய கால்களை அதற்குள் வைத்தாள்.

"ராத்தா, நீங்களும் வையுங்கோ."

ராத்தா அத்தானைப் பார்த்துத் தயங்கினார். பிறகு அவரும் வைத்தார். "அல்லாஹ்வே, இப்பதான் காலுக்கு உசிரு வந்தீக்கி" என்றார்.

"உமக்கு விசரா? அது செத்துப்போகும்!" அத்தானின் குரல் கீச்சிட்டது.

"சாகட்டும்" என்றாள் அக்கா.

அகப்பை கையில் சொட்டச் சொட்ட அவர் நின்ற நிற்பை நான் ரசித்துப் பார்த்தேன். துளி இரக்கம் வரவில்லை.

அது சூட்டில் சாகவில்லை. இருப்புக்கொள்ளாமல் பாறையை விட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்தது. கரண்ட் வந்ததும் பம்ப் அதை இழுத்து அரைத்துவிட்டது. தொட்டி பால் கலக்கினது போலாகி, வெள்ளைத் துண்டுகள் சுழன்றன. மீன்களும் ஒவ்வொன்றாக மல்லாந்தன. அந்த நாற்றத்தில் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. துப்புரவாக்க அத்தான் எங்களைக் கூப்பிட்டார். "நீங்கள் வளர்த்தது, நீங்களே அள்ளுங்கோ" என்று அக்கா ராத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போய்விட்டேன். மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு வாளி வாளியாக அவரே அள்ளி ஊற்றினார். ஏசி அக்காவின் அறைக்குத் திரும்பியது. பிள்ளைகள் ஹோலுக்கு வந்தார்கள்.

போன ஆவணியில் ஒரு கலியாண வீட்டில், யாரோ புது ஆளிடம் அத்தான் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அபூர்வ இனம். பிள்ளை மாதிரி வளர்த்தனான். நாட்டு நிலைமையாலை பறிகொடுத்திட்டன்." கேட்டவர் உச்சுக் கொட்டினார். பக்கத்தில் இருந்த அக்கா தன் பாட்டில் வடையைச் சாப்பிட்டாள்.

இப்போது அவர் கண்ணாடிப் பெட்டியில் வெளிநாட்டு ஓணான் வளர்க்க யோசிக்கிறாராம். படங்களும் அனுப்பியிருக்கிறார். நான் பதில் போடவில்லை.