இலையானார் நடந்த வழி

ஈ நடந்து முடியும் வரைக்கும் செல்வநாயகி மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்பாள். உள்ளங்கை அகலத் தட்டில், கிருமி வளர்க்கும் சிவப்புக் கூழ் உறைந்து கிடக்கும். ஐஸ் பெட்டிக்குள் விறைத்துப் போயிருந்த ஈ, சூடு பட்டதும் மெல்ல எழும்பி, முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, கூழின் மேல் நடக்கத் தொடங்கும். "இலையானார் வெளிக்கிட்டிட்டார்," என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஈயை, அவள் ஊர்ப் பேச்சில் இலையானை, அவள் 'அது' என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. எப்போதும் 'அவர்'தான். ஆறு கால், காலுக்கு இரண்டு மெத்தை, மெத்தை நிறைய மயிர், மயிரெல்லாம் பசை. சாணத்தில் நின்ற அதே காலோடு சோற்றில் வந்து நிற்பார். "மாப்பிள்ளை மாதிரி வருவார். கால் மட்டும் கழுவமாட்டார்" என்பாள்.

கொழும்பில் பதினொரு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கணவர் மகேசனோடும் மகள் கௌரியோடும் ஒக்லாந்துக்கு வந்து, கிளென்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து வேலைக்குப் போகிறாள். கோடை வந்தால், தெற்கே பால் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் பிடித்த ஈக்கள் சின்னச் சின்னக் குப்பிகளில் அவளுடைய மேசைக்கு வரும். எந்த ஈ எந்தக் கிருமியைச் சுமக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை.

காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல், இரவு தட்டுகளை வைத்த சூட்டுப் பெட்டியை நேரே போய்த் திறப்பாள். முதல் நாள் வெறுங்கூழாக இருந்த இடத்தில், ஈ போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். எங்கே திரும்பியது, எங்கே நின்று யோசித்தது, எங்கே வாயை வைத்தது, எல்லாம் தெரியும். கண்ணுக்கே படாத ஒன்று ஒரே இரவில் தன் பயணத்தை எழுதி வைத்துவிடுகிறது. இத்தனை வருடம் பார்த்தும் அவளுக்கு அலுக்கவில்லை. ஒருமுறை கூட்டிப்போக வந்த மகேசன் கதவடியில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். கௌரி பிறந்த அன்று பார்த்த முகம் என்று பிறகு சொன்னார்.

வீட்டில் அவளோடு சாப்பிடுவது பெரும்பாடு. கறிச்சட்டிக்கு ஒரு மூடி, மூடிக்கு மேல் ஒரு துணி. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதலில் சமையல் நடக்கும் குசினிக்குள் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கூடத்தில் உட்காருவாள். அங்கிருந்த முப்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

அந்த நாட்டில் தை மாதம் நடுக்கோடை; எண்பத்தேழாம் ஆண்டு தைப்பொங்கல் நல்ல வெயில் நாளில் வந்தது. நகரத்துக்குத் தெற்கே, செம்மறிக்கு மயிர் கத்தரிக்கும் ஒரு பெரிய கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சமையல் அன்னபாக்கியம். ஒனிஹங்காவில் தனியாக இருப்பவள், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பகலில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. கைப்பக்குவம் நாலு பேருக்குத் தெரிந்தால் சமையலையே தொழிலாக எடுக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கே சவ்வரிசிப் பாயசம் இறக்கி, வெள்ளைத் துணியால் அண்டாவின் வாயைக் கட்டிவிட்டாள். சுற்றுப் பார்க்க வந்த செல்வநாயகி அண்டாவைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"மூடி வைச்சால் சூடு இறங்காது அன்னம், பழுதாப் போயிடும். திறந்து விடு."

"இலையான் வருமே அக்கா," என்றாள் அன்னபாக்கியம்.

காற்று அடிக்கிறது, வராது என்று சொல்லிச் செல்வநாயகி தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். பிறகு பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்தைப் பார்க்கப் போய்விட்டாள். பகல் ஒரு மணி வரை அண்டா திறந்தே கிடந்தது.

அடுத்த நாள் பின்னேரத்துக்குள் இருபத்திரண்டு பேருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும். இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியது. தொலைபேசிகள் ஓயவில்லை. சமைத்தவளின் கை சுத்தமில்லை என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரு பிறந்த நாளுக்கும் பேசியிருந்த சமையல் இரண்டும் அவள் கையை விட்டுப் போயின.

செல்வநாயகிக்கு நீரிழிவு. அன்று பாயசம் தொடவில்லை, நோயும் வரவில்லை. வீடு வீடாகக் கூப்பிட்டு யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தாள். விழுந்தவர்கள் எல்லாரும் பாயசம் குடித்தவர்கள். கடைசி வீட்டுக்குப் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தபோது, முடிச்சை அவிழ்த்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மகேசன் காரோட்ட, வலையும் ஐஸ் பெட்டியுமாக அந்தக் கொட்டகைக்குப் போனாள். பின்வேலிக்கு அப்பால் கோழி எரு மலைபோலக் குவிந்து கிடந்தது. அதன் மேல் கறுப்பாக ஏதோ அசைந்தது. கிட்டப் போனதும் முழுக் குவியலும் இரைந்துகொண்டு எழும்பியது. அவள் வலையைத் தூக்க மறந்து நின்றாள்.

மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுப் பன்னிரண்டு ஈக்களை நடக்க விட்டாள். நான்கின் வழியில், சிவப்புக் கூழில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். பத்து நாளில் முடிவு வந்தது. நோயாளிகளிடம் எடுத்த சல்மொனெல்லாக் கிருமியும் இதுவும் ஒன்றே. காலிலும் வாயிலும் ஒட்டி வந்த துளி, இளஞ்சூட்டுப் பாலில் நாலு மணி நேரத்தில் ஊரையே சாய்க்கிற அளவு பெருகியிருக்கிறது. தட்டில் ஈ போன வழி எப்போதும் போல அழகாகத்தான் இருந்தது. இந்த முறை அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் அவளைத் திகைக்க வைத்தது. துணியை அவிழ்த்தது யாரென்று அன்னபாக்கியத்துக்குத் தெரியும். இத்தனை பேச்சுக் கேட்டும் அவள் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

மாசியில் எல்லர்ஸ்லியில் ஒரு மண்டபத்தில் தமிழ்ச் சங்கக் கூட்டம். துணியை அவிழ்த்ததைச் செல்வநாயகி செயலாளர் குணரத்தினத்திடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் அவளைத் தனியே அழைத்து, ஈயால் வந்தது என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதைக் கிளற வேண்டாம் என்றார். மகேசனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அன்னபாக்கியம் கடைசி வரிசையில் தனியாக இருந்தாள். அவளுக்கு இரு பக்கமும் இருந்த கதிரைகளில் ஒருவரும் உட்காரவில்லை.

செல்வநாயகி முன்னால் போய் நின்று எருக் குவியலைப் பற்றிச் சொன்னாள், ஈயைப் பற்றிச் சொன்னாள். குணரத்தினம் நன்றி சொல்ல எழும்பினார். அவள் போகவில்லை.

"அன்னம் வடிவாக் கட்டித்தான் வைச்சவ. இலையான் வரும் எண்டும் சொன்னவ. நான் கேக்கேல்ல. என்ர கையாலதான் அவிட்டனான்."

சேலைன் ஏறிய பிள்ளையின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வநாயகி சாய்ந்துகொள்ள இடம் தேடிக் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ள அங்கே மேசைகூட இல்லை.

அன்னபாக்கியம் எழுந்தாள். தான் இருந்த கதிரையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு, எல்லா வரிசைகளையும் கடந்து முன்னுக்கு வந்தாள். அதைச் செல்வநாயகிக்குப் பின்னால் வைத்து, தோளில் கை வைத்து அழுத்தி அவளை இருத்தினாள்.