ஒரு மழுங்கிய கத்திக்காக மைசூருக்கு

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஈரோட்டில் மைசூர் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் இருநூற்று அறுபது ரூபாய். சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஆறு வருடமாக விடுமுறை நாட்களில் தோல் வேலை செய்கிறேன். பர்ஸ், பெல்ட், மூக்குக்கண்ணாடி உறை என்று சின்னச் சின்ன சாமான்கள். என்னைப் போல ஆசைக்குச் செய்பவர்கள் முந்நூறு பேர் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில்தான் முருகேசன் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. அவருடைய சொந்த ஊர் கர்நாடகத்தில் ஹனூர் பக்கம் ராமாபுரம். மைசூர் ஹூட்டகள்ளியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான்கு மாதத்துக்கு முன் தோல் சீவும்போது கத்தி வழுக்கி இடது கையை ஆழமாக வெட்டிவிட்டது. போன வாரம் தன் கருவிகளையெல்லாம் படம் எடுத்து, மொத்தமாக விற்பனைக்கு என்று குழுவில் போட்டிருந்தார். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். வாங்குவது ஒரு சாக்குதான்.

எட்டு மணிக்கு பண்ணாரி தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, "மைசூர்ல யாருங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவர் ஒருத்தர். கையில அடிபட்டிருக்கு. பாக்கப் போறேன்."

"போய்ப் பாக்கறதே பெரிய ஆறுதல்தானுங்க" என்றார்.

தோலை மடித்துத் தைக்கும் இடத்தில் கனம் கூடிவிடும். அதனால் மடிப்பின் உள்பக்கத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்க வேண்டும். கத்தி கூராக இருந்தால் அழுத்தமே தேவையில்லை, தோல் சுருள் சுருளாகக் கழன்று வரும். மழுங்கியிருந்தால் ஓரிடத்தில் சிக்கி நிற்கும். நாம் பலம் கொடுப்போம். அது விடுபடும்போது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஆகவே தோலைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

கை வெட்டுப்பட்ட அன்று முருகேசன் குழுவில் கேட்டிருந்தார்: "கத்தி கொஞ்சம் மழுங்கிடுச்சு. பெல்ட் முனை மட்டும்தான் பாக்கி. தீட்டித்தான் ஆகணுமா?" எனக்கு மதிய இடைவேளை முடியும் நேரம். "பரவாயில்லை, கொஞ்சம் அழுத்திச் சீவுங்க, வந்துடும்" என்று தட்டிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக யாரோ எழுதினார்கள்.

பதினொன்றே முக்காலுக்குப் பேருந்து மைசூர் வந்து சேர்ந்தது. ஹூட்டகள்ளி என்றதும் ஆட்டோக்காரர், "இருநூறு ரூபா கொடி, குடுங்க மேடம். ரிட்டன் சவாரி சிக்காது அங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். ஒன்பது கிலோமீட்டர். பேரம் பேசவில்லை.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. முன்னறையில் செய்தித்தாள் விரித்து, கருவிகளைத் துடைத்து அடுக்கி வைத்திருந்தார் முருகேசன். முப்பத்தாறு வயதிருக்கும். அவர் மனைவி ஜோதி காபி கொண்டுவந்தார். "சாப்டுட்டுத்தான் போகோணும் அக்கா. சோறு வடிச்சுட்டேன். ஸ்வல்ப நேரம், கொழம்பு ஆயிரும்."

முருகேசன் வலது கையாலேயே டம்ளரை வாங்கினார். இடது கைக் கட்டைவிரலின் அடியிலிருந்து உள்ளங்கைக்குக் குறுக்கே தழும்பு ஓடியது. அறுந்த நரம்பையும் தசைநாரையும் ஒட்ட வைத்தார்களாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாதிதான் மடங்குகின்றன. பட்டறையில் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் குடும்பத்தோடு ராமாபுரம் போய் அண்ணனோடு மஞ்சள் காட்டைப் பார்க்கப் போகிறார்.

ஒவ்வொரு கருவியாக எடுத்து என் பக்கம் நகர்த்தினார். தையல் துளை போடும் நாலு பல் உளியைக் காட்டி, "இத நேரா கல்லு மேல வெச்சு அடிச்சுராதீங்க, பல்லு போயிரும். அடியில ஒரு கழிவுத் தோலு போட்டுக்கோங்க" என்றார். மெழுகு நூல்கண்டைத் தொட்டு, "தையல் நீளத்துக்கு நாலு மடங்கு எடுத்தாப் போதுங்க" என்றார். பிறகு இரண்டு ஊசிகளை எடுத்தார். தோல் தையலில் ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஊசி போக வேண்டும், இரண்டு கையும் வேண்டும். இடது கையில் ஒன்றைப் பிடித்துக் காட்டப் பார்த்தார். ஊசி நழுவி விழுந்தது. ஜோதி குனிந்து எடுத்துப் பெட்டியில் போட்டார்.

கத்தி மட்டும் தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்தது. பிரித்தேன். யாரும் அதைத் தீட்டவில்லை. விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னியது.

"தம்பி, அன்னைக்கு அழுத்திச் சீவச் சொன்னது நான்தான்."

"தெரியுங்கக்கா."

ஜோதி என்னைப் பார்க்கவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று முருகேசனைக் கேட்டார். அவர் தன் கேள்வியையும் என் பதிலையும் அப்படியே சொன்னார். ஒரு சொல் கூட மாறவில்லை.

"நாலு மாசமா எங்கிட்டச் சொல்லல" என்றார் ஜோதி.

"சொல்லி என்ன ஆவுது? மழுங்குன டூலப் போட்டு லேத்து ஓட்டக் கூடாதுன்னு பதிமூணு வருசமாத் தெரிஞ்சவன் நானு. வீட்டு வேலதானன்னு விட்டுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ஆனா அக்கா, வேண்டாம்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா, எந்திரிச்சுப் போய்த் தீட்டியிருப்பேன்."

ஜோதி உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுருங்க தம்பி."

"அத வெச்சு நான் என்ன பண்ணட்டுங்க? அந்த மெசேஜு குரூப்ல இன்னும் கெடக்குது. புதுசா வர்ற ஒருத்தன் தேடுனா அதத்தான் படிப்பான்."

"அழிச்சுடறேன்."

"அழிக்க வேண்டாம். அதுக்குக் கீழயே நீங்க பேசிப் போடுங்க."

போனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். "நம் குழுவில் ஒரு நண்பருக்கு..." என்றபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பேரச் சொல்லுங்க. எம்பேரு, உங்க பேரு ரெண்டும்."

மறுபடி தொடங்கினேன். நான் வசந்தி, முருகேசன் கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் தவறான பதில் சொன்னேன், அவர் கை போய்விட்டது என்றேன். மழுங்கிய கத்தியைக் கீழே வையுங்கள். ஆயிரம் நம்பர் தீட்டுக்கல்லில் தேய்த்து, பிறகு மூவாயிரம் நம்பர் கல்லில் தேய்த்து, பச்சை மெருகுக் கட்டி தடவிய தோல்பட்டையில் இருபக்கமும் இருபது தடவை பின்னோக்கி இழுங்கள். கழிவுத் தோலில் சீவிப் பாருங்கள். கையின் பலம் தேவைப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். இப்படி இரண்டு நிமிடம் பேசினேன். அவர் தலையசைத்ததும் அனுப்பினேன்.

சாப்பாட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. கருவிகளுக்கு அவர் சொன்ன ஏழாயிரத்தைக் கொடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே பார்த்து, "வர்றேன் ஜோதி" என்றேன். முருகேசன் பையை வலது கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோ கிடைக்கும் இடம் வரை வந்தார். "கத்தியும் உள்ளதான் இருக்குது. பாத்து எடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பேருந்து நிலையத்தில் எழுபது ரூபாய்க்கு ஒரு மசால் தோசை வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு, மூன்று மணி வண்டியைப் பிடித்தேன். நஞ்சன்கூடு தாண்டியதும் குழுவைத் திறந்தேன். பதினேழு பேர் கட்டைவிரல் படம் போட்டிருந்தார்கள். ஒருவர் "பயனுள்ள தகவல், நன்றி" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அந்தக் கத்தி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். முருகேசன் எதுவும் எழுதவில்லை. சாம்ராஜ்நகர் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் என் மேசைக்கு முன் உட்கார்ந்தேன். முந்தின வாரம் பாதியில் விட்ட பெல்ட் அப்படியே கிடந்தது. கூரான கத்தி காகிதத்தைச் சத்தமில்லாமல் வெட்டும். என் கத்தியை எடுத்து ஒரு செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். தாள் கசங்கியது, பிறகு கிழிந்தது.